தனிமைதான் தூய்மையா?

சனத்நகர்த் தொழிற்பேட்டையை நம்பிப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. இங்கே உறவினர் சிலரே. ஆதலால் ஞாயிறுதோறும் ஆலயத்தில் சந்திக்கும் தமிழர்களே எங்களுக்குச் சுற்றமும் ஊரும் ஆவர். அந்தச் சுற்றத்தின் சொல்லுக்கு அஞ்சி நாங்கள் இழைத்த பிழை ஒன்றை இங்கே எழுதத் துணிகிறோம்.

எங்கள் தங்கை 41ஆம் வயதில் கணவரை இழந்தாள். தொழிற்சாலை ஊழியராயிருந்த அவர் வழியில் மாதந்தோறும் சிறு ஓய்வூதியம் வந்தது. ஒரே மகளை மணமுடித்துக் கொடுத்தபின் அவள் தனியளானாள். ஏழாண்டு கழிந்து, மனைவியை இழந்தவரும் நம் சபையைச் சேர்ந்தவருமான ஒருவர் அவளை மணக்க விரும்பினார். அவளும் விரும்பினாள். அண்ணனும் அண்ணியுமாகிய எங்களிடம் அதைச் சொன்னபோது, "இந்த வயதில் இது எதற்கம்மா? ஊர் என்ன சொல்லும்?" என்றோம். அவள் மறுமொழி கூறாமல் எழுந்து போனாள்.

அதே ஆண்டில் எங்கள் உறவினர் ஒருவர், மனைவி இறந்த பதினோராம் மாதம் மறுமணம் செய்துகொண்டார். "பாவம், சமைத்துப் போட ஆள் வேண்டாமா?" என்று சொல்லி, அவ்விருந்தில் நாங்களே பரிமாறினோம். அன்றிரவு தங்கை கேட்டாள்: "அண்ணா, அவருக்குப் பசி உண்டு, எனக்கு இல்லையா?"

அக்கேள்வி எங்களை வேதாகமத்தை மீண்டும் திறக்கச் செய்தது. கணவன் இறந்தபின் மனைவி அக்கட்டிலிருந்து விடுதலை பெறுகிறாள் என்று பவுல் அப்போஸ்தலர் ரோமருக்கு எழுதினார். விசுவாசியை மணக்க அவளுக்கு உரிமை உண்டென்று கொரிந்தியருக்கு எழுதினார். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபமோ, இளம் விதவைகள் மணம் புரிவதையே விரும்புகிறது. கைம்பெண்ணாகிய ரூத் போவாசை மணந்தாள். மத்தேயு எழுதிய இயேசுவின் வம்சவரலாற்றில் அவள் பெயர் இருக்கிறது. மறுமணம் செய்தவர்களை ஒதுக்கிய நோவாத்தியர் சபைக்குத் திரும்பும்போது, அத்தகையோருடன் ஐக்கியம் கொள்ள இணங்க வேண்டுமென்று 325ஆம் ஆண்டின் நிசேயா சங்கம் விதித்தது.

அப்படியானால் எங்கள் அச்சம் எங்கிருந்து வந்தது? வேதத்திலிருந்து அன்று; ஊரிலிருந்து மூட்டையோடு கட்டிவந்த பழக்கத்திலிருந்து. இந்துக் கைம்பெண்களின் மறுமணத்துக்கு 1856இல் சட்டம் இடந்தந்தது. நமக்கோ அத்தகைய சட்டமே தேவைப்படவில்லை. ஆயினும் நம் வீடுகளில் நடந்த கைம்பெண் மணங்கள் எத்தனை?

கணவன் மனைவி உறவின் இன்பம் கடவுளின் கொடை என்று திருமண நாளில் போதிக்கிறோம். மரணம் துணைவரை எடுத்துச் செல்கிறது. அக்கொடையை நாடும் உடலையும் உள்ளத்தையும் எடுத்துச் செல்வதில்லை. அந்த நாட்டத்தை ஒடுக்குவதே தூய்மை என்று கருதியிருந்தோம். ஒளிவின்மையும் ஒருவர்க்கொருவர் காட்டும் பற்றுறுதியுமே தூய்மை என்று இன்று கருதுகிறோம். மனமுவந்து தனித்து வாழும் கைம்பெண்ணின் வாழ்வும் உயர்ந்ததே. ஆனால் அதை அவளே தேர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

மற்றொரு தடையும் இருந்தது. 1995ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டப்படி, மறுமணம் செய்யும் கைம்பெண்ணுக்கு அவளுக்குரிய ஓய்வூதியம் நின்றுவிடும். பதிவு செய்யாமல் சேர்ந்து வாழலாமே என்று சிலர் யோசனை கூறினர். "ஒளிந்து வாழ்வதற்கா இத்தனை நாள் காத்திருந்தேன்?" என்று தங்கை மறுத்துவிட்டாள். ஆயினும் வறுமையால் அவ்வாறு வாழ நேர்ந்த முதியோரைக் கண்டால் நாம் கல்லெடுக்க வேண்டா. அவர்கள் ஒளிவதற்கு நம் ஏளனமும் ஒரு காரணம் அன்றோ?

சென்ற தை மாதத்தில், ஓய்வூதியத்தை இழந்து, அவள் மணம் செய்துகொண்டாள். ஆலயத்துக்கு வந்தவர் பதினெட்டுப் பேர். வராதவர்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. அண்மைக்காலம் வரை நாங்களும் அவர்களுள் இருந்தவர்களே.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தங்கையோ தாயோ இருக்கலாம். அவள் பேசத் தொடங்கும்போது, ஊரை நினைத்து அவள் வாயை அடைக்காதிருப்போமாக.