அம்மாவின் சொட்டு மருந்தும் அரசாங்க பாங் கடையும்

எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வசதி. எதைக் கேட்டாலும் பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வந்துவிடும். பால், கறிவேப்பிலை, போன் சார்ஜர். அந்த வரிசையில் இப்போது சணல் விதை என்று ஒரு பொட்டலமும் வருகிறது. 'ஹெம்ப் சீட்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். புரதச்சத்து அதிகமாம், எங்கள் ஆபீஸ் பசங்க ஸ்மூத்தியில் போட்டுக் குடிக்கிறார்கள். இது நம்ம ஊர் சாக்குப்பை சணல் இல்லை மக்களே, சாட்சாத் கஞ்சாச் செடியின் விதை!

பதற வேண்டாம். விதையில் போதை கிடையாது. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே இந்த விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் உணவாக விற்கலாம் என்று அறிவித்துவிட்டது. ஒரே செடி. விதை மளிகைச் சாமான், இலை மருந்து, பூ வந்தால் ஜெயில். இந்தக் கணக்கு எனக்கும் புரியாமல்தான் இருந்தது. அம்மா புரிந்துகொள்ள வைத்தார்.

அம்மாவுக்கு 71 வயது. ரிடையர்டு டீச்சர். அப்பா போன பிறகு போளூரில் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு இருக்கிறார். போன வருஷம் அக்கி வந்தது. கொப்புளம் ஆறிவிட்டது, வலி மட்டும் போகவில்லை. முதுகில் துணி பட்டாலே தீ பட்ட மாதிரி இருக்கிறது என்பார். நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரை கொஞ்சம் கேட்டது, ஆனால் தலை சுற்றல் தாங்க முடியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஹாலில் நடந்துகொண்டிருப்பார். கேட்டால், "தூக்கம் வரலடா, நீ போய்ப் படு" என்பார்.

தெரிந்தவர்கள் சொல்லி ஓர் ஆயுர்வேத டாக்டரிடம் போனோம். நரம்பு டாக்டர் சீட்டையெல்லாம் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு சின்ன பாட்டில் எண்ணெய் எழுதிக் கொடுத்தார். ராத்திரி இத்தனை சொட்டு, மேலே போகக் கூடாது என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தார். டீச்சர் ஆச்சே!

"ஏண்டா, விஜயா விஜயான்னு சொன்னாரே, கீழ கேனபிஸ்னு போட்டிருக்கு. இது கஞ்சா தானே?"

"கஞ்சா எலைம்மா. மருந்து."

"ஊருக்குப் போறப்ப அத்திப்பள்ளி செக்போஸ்ட்ல போலீஸ் பையப் பாத்தா உன்னத் தானடா புடிப்பான்? உன் வேல என்ன ஆறது?"

தன் வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் வேலை! பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு இரண்டு நாள் தொடவே இல்லை. சரி, படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று உட்கார்ந்தேன்.

1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகள். நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அந்த விளக்கத்தில் சேராது. செடியின் பிசினான சரஸும் தடைதான். இது நாமே கண்டுபிடித்த பிரிவினை இல்லை. 1961-ல் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையிலேயே இலையை வெளியே விட்டார்கள். அதனால்தான் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசாங்க உரிமத்தோடு பாங் கடைகள் உண்டு. ஜெய்சல்மேர் கோட்டைக்குப் போனவர்கள் 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று போர்டு மாட்டிய கடையைப் பார்த்திருப்பீர்கள். நம்ம டாஸ்மாக் மாதிரி அரசே நடத்துவதில்லை. உரிமம் வாங்கியவர் நடத்துவார், ஆயத்தீர்வைத் துறை கணக்குப் பார்க்கும்.

இது எங்கோ வடக்கே நடக்கும் கதை என்று நினைக்காதீர்கள். 2022 ஜூன் மாதம் இதோ பக்கத்தில் இருக்கும் பேகூரில், 29 கிலோ பாங்கும் 400 கிராம் கஞ்சாவும் வைத்திருந்ததாக ஒருவரைப் போலீஸ் பிடித்தது. ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. பாங் அந்தச் சட்டத்தில் தடை செய்யப்பட்ட பொருள் என்று காட்ட எதுவும் இல்லை, 400 கிராம் கஞ்சாவோ வணிக அளவுக்கு மிகக் குறைவு என்பது காரணம். சட்டப்படி ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. இது ஜாமீன் உத்தரவுதான். 'பாங் விற்கலாம்' என்று கர்நாடகத்துக்குக் கொடுத்த லைசென்ஸ் அல்ல.

மருந்து விஷயம் இன்னும் தெளிவு. மருந்துச் சட்ட விதிகளில் விஷத்தன்மை உள்ள ஆயுர்வேத, சித்தச் சரக்குகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. பாங் அதில் இருக்கிறது. மருத்துவர் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும் என்று லேபிளில் எச்சரிக்கை இருக்க வேண்டும். 2020 தொடக்கத்தில் ஹெம்ப்கேன் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் கோரமங்களாவில் இப்படிப்பட்ட மருந்துகளுக்கென்றே ஒரு சிகிச்சை மையம் திறந்தது.

இன்னொரு விஷயம் படித்தபோது எனக்கே ஆச்சரியம். 1893-ல் பிரிட்டிஷ் அரசு இதை ஆராய ஒரு கமிஷன் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, முழுத் தடை வேண்டாம், வரி போட்டு, உரிமம் கொடுத்து, கடைகளைக் கட்டுக்குள் வையுங்கள் என்று அடுத்த வருஷம் அறிக்கை கொடுத்தார்கள். அதில் சென்னை மாகாணத்துப் பகுதியில் எங்கள் சந்தவாசலும் ஜவ்வாது மலையும் வருகின்றன. மலைமேல் பயிர், சர்க்கார் மேற்பார்வை. அம்மாவிடம் சொன்னேன். "எங்க பாட்டி வயித்து வலிக்கு லேகியம்னு எதையோ குடுப்பாளே, அதுல என்ன இருந்துச்சோ" என்று சிரித்தார். ரொம்ப நாள் கழித்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஸ்கார்பரோவில் இருக்கும் சித்தப்பா மகனிடம் பேசினால் அங்கே வேறு கதை. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் பூவே சட்டப்படி விற்பனை. ஒன்டாரியோவில் முதலில் அரசாங்க இணையக் கடை மட்டும்தான். 2019 ஏப்ரலில்தான் தெருக் கடைகள், அதுவும் முதல் 25 உரிமத்தைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள்! பள்ளிக்கூடத்திலிருந்து 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், 19 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ள நகராட்சிகளுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். மார்க்கமும் மிசிசாகாவும் வேண்டாம் என்றன. மிசிசாகா 2023-ல் மனசு மாறியது. பிறகு எண்ணிக்கைக் கட்டுப்பாடு போனதும் சில தெருக்களில் நாலு கடைக்கு ஒரு கடை இதுதான் என்று அண்ணா புலம்புகிறார்.

"கடை வந்தது உனக்குச் சந்தோஷமா, வருத்தமா அண்ணா?" என்றேன்.

"பையனுக்குப் பதினேழு. கடையில தரமாட்டான், அது நிம்மதி. கடை கண் முன்னாடி இருக்கு, அது கவலை. ஆனா இப்ப அவன்கூட இதப் பத்தி வாய் விட்டுப் பேச முடியுது. முன்ன அதுவும் இல்ல."

அந்தக் கடைசி வரியைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இங்கே கடை இல்லை. பொட்டலம் இருக்கிறது. பி.ஜி. விடுதிகள் நிறைந்த தெருக்களில் ராத்திரி வண்டியில் வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று பசங்களே சொல்கிறார்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று எந்த லேபிளும் சொல்லாது, வயது கேட்க ஆளும் இல்லை. ஊரிலிருந்து வந்து எங்கள் டீமில் சேர்ந்த பையன் ஒருவன் இப்படித்தான் மாட்டினான். கையில் இருந்தது கொஞ்சம்தான். சிறு அளவுக்கு அதிகபட்சம் ஒரு வருஷம் சிறை, அல்லது பத்தாயிரம் அபராதம், அல்லது இரண்டும். கேஸ் முடியும் முன்பே வேலை போனது. அவன் அம்மா என்னிடம் போனில் கேட்டது ஒன்றே ஒன்று: "முன்னாடியே உங்க கிட்டயாவது சொல்லியிருப்பானா தம்பி?" சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயம்.

அதனால் பிள்ளைகளை இந்த ஊருக்கு அனுப்பியிருப்பவர்களுக்கு ஒரு விஷயம். இதே சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. பழக்கத்துக்கு அடிமையானவர், சிறு அளவு வழக்கில் இருந்தாலும், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும். நம்ம ஓசூர் ரோட்டிலேயே நிம்ஹான்ஸில் இதற்கென்று தனி மையம் இருக்கிறது. 14446 என்ற இலவச உதவி எண்ணும் உண்டு. திட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்.

கடை திறக்க வேண்டுமா என்று கேட்டால், பூவுக்கு வேண்டும் என்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஒரு தெருவில் நாலு கடையும் வேண்டாம், இருட்டில் பொட்டலமும் வேண்டாம். ஆனால் மருந்தாக வருவதற்காவது ஒழுங்கான லேபிள், ஒழுங்கான டாக்டர், இரண்டு மாநிலப் போலீஸுக்கும் புரிகிற ஒரே விதி வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை.

அம்மா இப்போது சொட்டு போட்டுக்கொள்கிறார். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. வலி இருக்கிறது, ஆனால் பாதி ராத்திரி நடை குறைந்திருக்கிறது. மயக்கம் வந்து விழுந்துவிடக் கூடாதென்று பாத்ரூமில் கைப்பிடி மாட்டியிருக்கிறேன். நரம்பு டாக்டரிடமும் சொல்லிவிட்டோம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பாட்டில், பில், டாக்டர் சீட்டு மூன்றையும் ஒரே கவரில் வைத்து, மேலே கொட்டை எழுத்தில் 'மருந்து' என்று எழுதிவிட்டார். டீச்சர் கையெழுத்து. எந்தப் போலீஸும் படித்துவிடலாம் :-)