கால்மிதியை எடுங்கள், வேலையை விட்டுவிடுங்கள்

வயதானவர் கையிலிருந்து வேலையைப் பிடுங்குவதுதான் அன்பு என்று உங்கள் தலைமுறை நினைக்கிறது. எனக்கு எலும்புப்புரை என்று தெரிந்த மறுநாளே பேரன் காய்கறிப் பையை வாங்கிக்கொண்டான், மருமகள் துடைப்பத்தை ஒளித்து வைத்தாள். "நீங்க உட்காருங்க பாட்டி, நாங்க பார்த்துக்கறோம்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. எலும்புக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

எலும்பு சும்மா கிடக்கிற சாமான் இல்லை. பழையதை அரித்தெடுக்கிற செல்களும் புதியதைக் கட்டுகிற செல்களும் அதற்குள் ஓயாமல் வேலை செய்கின்றன. ஏறக்குறைய முப்பது வயதுவரை கட்டுமானம் முந்தும். அப்புறம் அரிமானம் மெல்ல முந்த ஆரம்பிக்கும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற முதல் சில வருடங்களில் அது வேகமெடுக்கும். கட்டு என்று உத்தரவு கொடுப்பது எது? நாம் நின்று நடந்து நம் எடையைத் தாங்குவதும், தசைகள் எலும்பை இழுப்பதும்தான். தாங்குகிற பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று யூலியஸ் வொல்ஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் 1892-லேயே எழுதிவிட்டார். 2024 ஜூனில் சில நாள் வேலை என்று விண்வெளிக்குப் போன சுனிதா வில்லியம்ஸ் 2025 மார்ச்சில்தான் திரும்பினார் இல்லையா? அங்கே இருப்பவர்கள் தினம் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்வது பொழுதுபோகாமல் இல்லை. பாரமே இல்லாத இடத்தில் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் குறையும். நீங்கள் என்னை உட்காரச் சொல்லும் சோபாவும் ஒரு குட்டி விண்வெளிதான்.

எலும்புப்புரை வலிக்காது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே வந்தால் அந்தப் பெயர் வைப்பார்கள். பலருக்கு மணிக்கட்டோ இடுப்போ முறிந்த பிறகுதான் விஷயமே தெரிகிறது.

பேரன் வாட்ஸ்அப்பில் நானம்மாள் ஆசனம் போடும் வீடியோ அனுப்பினான். கோயம்புத்தூர்க்காரர், 2018-ல் பத்மஸ்ரீ வாங்கியவர், தொண்ணூறு தாண்டியும் உடம்பை மடித்துக் காட்டியவர். கும்பிடலாம். ஆனால் அவர் சிறுவயதிலிருந்து செய்தவர். முதுகெலும்பு பலமிழந்த பிறகு புதிதாகக் குனிந்து பாதத்தைத் தொடப் பார்த்தால் முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்கிவிடக்கூடும். எனக்கு உறைத்தது கோலத்தில்தான். காலை நேராக வைத்து, முதுகை வளைத்துப் புள்ளி வைப்பது நம் பெண்களுக்கு ஒரு பெருமை. வீட்டில் கோலமே வேண்டாம் என்றார்கள். பிசியோதெரபிஸ்ட் பெண் அப்படிச் சொல்லவில்லை. குட்டை ஸ்டூலில் உட்கார வைத்து, முதுகு நிமிர்ந்திருக்க இடுப்பிலிருந்து மட்டும் சாயச் சொல்லிக் கொடுத்தாள். கோலம் சின்னதாகிவிட்டது, நிற்கவில்லை. மார்கழிக்கு மட்டும் மருமகள்.

மற்றதெல்லாம் அடுப்பங்கரையிலேயே நடக்கும். பால் காயும்வரை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவேன். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவேன். தண்ணீர் கேனை மட்டும் தொடுவதில்லை, அது இருபது லிட்டர். நடை மட்டும் வெளியே. 2021-ல் எங்கள் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டது, நான் இன்னும் அதே ஏரிக்கரைப் பக்கந்தான் நடக்கிறேன். ஜிஎஸ்டி ரோட்டை ஓடிக் கடக்கிற வழக்கத்தை விட்டாயிற்று. விடிகாலை நடை காலுக்கு நல்லது, ஆனால் அந்த வெயிலில் வைட்டமின் டி அதிகம் கிடைக்காது. மாடியில் வற்றல் காயப்போடுகிறோமே, அந்தப் பதினோரு மணி வெயிலில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் ஏதுமில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர். நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 இருக்கிறது. கூழும் மோரும் முருங்கைக்கீரையும் எள்ளுருண்டையும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாத்திரைதான் தகராறு. எலும்புக்காக வாரம் ஒரு முறை போடுகிற அலெண்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். காபியோடு போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது, படுத்துவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகலாம். அந்த அரை மணி நேரம் பாட்டி ஏன் காபி கேட்கவில்லை என்று கவலைப்படாதீர்கள்.

என்மேல் அக்கறை காட்டத்தான் வேண்டுமென்றால் வீட்டைப் பாருங்கள். குளியலறை வாசலில் நழுவுகிற அந்தக் கால்மிதியைத் தூக்கிப் போடுங்கள். கக்கூஸ் பக்கச் சுவரில் எவர்சில்வர் கைப்பிடி அடியுங்கள், அதுவும் கொத்தனாரை வைத்து, ஒட்டுகிற ரகம் வேண்டாம். ராத்திரி எழுந்து போகிற வழியில் ஒரு சின்ன விளக்கு. நடுக்கூடத்தில் குறுக்கே ஓடும் செல்போன் சார்ஜர் வயரைச் சுருட்டி வையுங்கள். இடுப்பெலும்பை முறிப்பது பெரும்பாலும் மாடிப்படிகூட இல்லை, இந்த மாதிரிச் சில்லறைகள்தான்.

உங்கள் அம்மாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டதா? செருப்பைக் கழற்றி, சுவரோடு சாய்ந்து நிற்கச் சொல்லி உயரத்தை அளந்து பாருங்கள். இளவயதில் இருந்ததைவிட நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால், வலி இல்லாமலே முதுகில் ஏதோ நசுங்கியிருக்கலாம். டாக்டரிடம் கூட்டிப்போய் முதுகுக்கு ஓர் எக்ஸ்ரேயும் டெக்ஸா ஸ்கேனும் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். திரும்பி வரும்போது பையை அவர்களே தூக்கட்டும்.