பத்து சென்ட் விரிசல்

வின்னிபெக் விமான நிலையத்தில் அத்தான் என்னைக் கட்டிப் பிடித்து, “பயணமெல்லாம் சௌகரியமா மாப்ளே?” என்று கேட்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். பெட்டியைக் காரில் தூக்கிப் போட்டுவிட்டு அவர் சொன்ன முதல் வாக்கியம்: “நல்ல நேரத்துல வந்தே. நாளைக்கு அஸ்திவாரம் பாக்கணும்.”

புது வீடு கட்டுகிறார்கள் போலிருக்கிறது, மஞ்சள் குங்குமம் எல்லாம் அக்கா வாங்கி வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். இல்லையாம். எழுபது வருஷத்துப் பழைய வீட்டின் அஸ்திவாரத்தைத்தான் பார்க்கப்போகிறாராம். வருஷத்துக்கு இரண்டு முறை. பனி விழுவதற்கு முன்னால் அக்டோபரில் ஒரு தடவை, பனி உருகும்போது ஏப்ரலில் ஒரு தடவை.

எனக்குத் தெரிந்து அஸ்திவாரம் என்பது ஒருநாள் கூத்து. நல்ல நேரம் பார்த்து, நவதானியம் போட்டு, செங்கல் வைத்து, வந்தவர்களுக்குக் காபி கொடுத்து மூடினால் முடிந்தது. அப்புறம் அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அத்தான், அங்கே போய் அஸ்திவாரத்துக்கு லெட்ஜர் போட்டிருக்கிறார். நிஜமாகவே ஒரு நோட்டு! தேதி, சுவர், எத்தனை விரிசல், ஈரம் உண்டா இல்லையா. பி.காம். படித்த நான்கூட என் பாங்க் பாஸ்புக்கை அவ்வளவு சிரத்தையாகப் பார்த்ததில்லை.

நான் போனது 2022 ஏப்ரல். நம்மூரில் அக்னி நட்சத்திரத்துக்கு ஜனங்கள் தயாராகிற சமயம். அங்கே ஏப்ரல் நடுவில் ஒரு பனிப்புயல்! மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே தலைகாட்ட முடியவில்லை. புயல் ஓய்ந்ததும் அத்தான் வேலைக்குப் போய்விட்டார். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்ற ரோஷத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். மண்வெட்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் அகப்பையை எடுத்துக்கொண்டு, வாசலிலும் பக்கவாட்டுப் பாதையிலும் கிடந்த பனியையெல்லாம் வழித்து, வடக்குச் சுவர் ஓரமாக அழகாகக் குவித்து வைத்தேன். கோயிலில் விபூதி மலை மாதிரி இருந்தது. போட்டோகூட எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அத்தான் வந்தார். பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல், நான் குவித்ததை அள்ளி அள்ளித் தூரமாக எறிய ஆரம்பித்தார்.

“அவனைத் திட்டாதீங்க. அவனுக்கு என்ன தெரியும்?” என்றாள் அக்கா. அதைவிட அவர் திட்டியிருக்கலாம்!

அன்றைக்கு ராத்திரிதான் வீட்டின் கீழே கூட்டிக்கொண்டு போனார். அந்த ஊரில் வீட்டுக்கு அடியில் இன்னொரு வீடே இருக்கிறது. பேஸ்மென்ட். ஆடம்பரத்துக்காக இல்லை. குளிர்காலத்தில் மேல் மண் பாறையாக உறைந்துவிடும். உறைகிற ஆழத்துக்கும் கீழே அஸ்திவாரம் போனால்தான் வீடு நிற்கும். அதற்கு எப்படியும் ஆறடி, எட்டடி தோண்டியாக வேண்டும். தோண்டியதுதான் தோண்டினோம், ஒரு ரூமாக வைத்துக்கொள்வோமே என்ற கணக்கு. 2014-ல் குளிர் அவ்வளவு ஆழத்துக்கு இறங்கி, தெருவுக்கடியில் புதைத்த தண்ணீர்க் குழாய்களே உறைந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தண்ணீர் வரவில்லை. உறைந்துவிடாமல் இருக்கக் குழாயை ராப்பகலாகச் சன்னமாகத் திறந்தே வையுங்கள் என்று நகராட்சியே சொன்னதாம். நம்மூர் கவுன்சிலர் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார்.

“தண்ணி உறைஞ்சா நூத்துக்கு ஒம்பது பங்கு பெருக்கும் மாப்ளே. அது மட்டும்னா பரவாயில்லை. உறையற மண்ணு அடியிலேர்ந்து ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி ஐஸ் தட்டா அடுக்கும். அந்த அடுக்கு வீட்டையே தூக்கும், சுவரை உள்ளே தள்ளும். ஆனா ஒண்ணு, தண்ணி இருந்தாத்தானே உறையும்? அதனால என் வேலையெல்லாம் ஒரே வேலைதான். சுவருகிட்ட தண்ணியை அண்ட விடாம பாத்துக்கறது.”

அந்த ஒரே வேலைக்குள் என்னென்ன அடக்கம் என்று பிறகு தெரிந்தது. கூரைத் தகரக் கால்வாயில் அடைத்த இலைகளை அக்டோபரில் வாரவேண்டும். அதிலிருந்து இறங்குகிற குழாயின் வாய் சுவரைவிட்டு ஆறடி தள்ளிப் போய்க் கொட்ட வேண்டும். வீட்டைச் சுற்றி மண் வெளிப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். பத்தடி தூரத்தில் அரையடியாவது இறங்க வேண்டும். ஏப்ரலில்தான் நிஜமான பரீட்சை. மேலே பனி உருகும். அடிமண் இன்னும் உறைந்தே கிடக்கும். தண்ணீருக்குக் கீழே போக வழி இல்லை. சுவரோரமாகத் தேங்கி, எங்கே இடுக்கு என்று தேடும். அந்த இடத்தில்தான் உங்கள் கட்டுரையாசிரியர் விபூதி மலை எழுப்பியிருந்தார்.

நம்மூரில் சம்ப் என்றால் தண்ணீரைச் சேர்த்து வைக்க. அங்கே சம்ப் என்றால் அஸ்திவாரத்தைச் சுற்றி வருகிற தண்ணீரை இழுத்து வெளியே துரத்த. பேஸ்மென்ட் மூலையில் ஒரு குழி, அதில் ஒரு மோட்டார். அது வேலை செய்கிறதா என்று பார்க்க அத்தான் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். மிதவை எழும்பி, மோட்டார் உறுமியதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! பிள்ளை பாஸான தகப்பன் மாதிரி.

நடுவில் வரிசையாக இரும்புக் கம்பங்கள். ஒவ்வொன்றிலும் கார் ஜாக்கி மாதிரி திருகு. மாடியில் கதவு சாத்த மறுத்தால், மண் அசைந்துவிட்டது என்று அர்த்தம். கீழே வந்து கால் சுற்றுத் திருகினால் வீடு பழையபடி மட்டத்துக்கு வரும். ஸ்பானரால் வீட்டை ட்யூன் பண்ணுகிறார்கள் ஸார்!

ஏன் மண் இந்த ஆட்டம் ஆடுகிறது? எட்டாயிரம் வருஷத்துக்கு முன்புவரை அந்தப் பிரதேசம் அகாஸிஸ் என்ற பிரம்மாண்டமான பனி ஏரியின் அடித்தளம். ஏரி வடிந்தபின் தங்கிய களிமண் மேல்தான் வின்னிபெக் உட்கார்ந்திருக்கிறது. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும்.

“எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா?” என்றார் அத்தான்.

கேட்டதா? பிறந்ததே அதில்தானே! கோடையில் எங்கள் கரிசல் காட்டில் வெடிப்புக்குள் விட்ட கால் மாட்டிக்கொண்டு நான் அழுதிருக்கிறேன். பாதி உலகம் தாண்டிப் போய், அதே குணமுள்ள மண்ணின் மேலேயே வீடு வாங்கியிருக்கிறார் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. தலையெழுத்து என்பது மண்ணிலும் எழுதியிருக்கும் போல.

மூன்று சுவர்களுக்கும் பலகை அடித்து அழகு பண்ணியவர், வடக்குச் சுவரை மட்டும் வெறும் கான்கிரீட்டாகவே விட்டிருந்தார். அதில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் இறங்கியது. குறுக்கே பென்சில் கோடு, பக்கத்தில் தேதி. அத்தான் பாக்கெட்டிலிருந்து சில்லறையை எடுத்தார். கனடாவில் பத்து சென்ட்தான் மெலிசான நாணயம். அடுத்த தடிமன் இருபத்தைந்து. ஐந்து சென்ட் அதையும்விடத் தடிமன் (மதிப்புக்கும் கனத்துக்கும் சம்பந்தமில்லை என்பது ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியாததா?). 2021 அக்டோபரில் பத்து சென்ட் மட்டுமே நுழைந்ததாக நோட்டு சொல்கிறது. இப்போது இருபத்தைந்து உள்ளே போனது. விரிசலைச் சுற்றி உப்புப் பூத்திருந்தது. கீழ்முனையில் என் விரல் பட்டது. ஈரம்.

அன்றைக்கு அத்தான் தூங்கவில்லை. மாடியில் நானும் தூங்கவில்லை. அடியில் தூண் இறக்கி அஸ்திவாரத்தைத் தாங்கவேண்டி வந்தால் பல பத்தாயிரம் டாலர். அது பெண்ணின் காலேஜுக்காக வைத்திருக்கும் பணம். அடுத்த இரண்டு நாளும் அவர் வேலைக்குப் போனபின் நான் வீட்டைச் சுற்றி ஒரு குத்து பனி விடாமல் அள்ளித் தெருவோரம் சேர்த்தேன். கை கொப்புளித்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எஞ்சினியர் வந்தார். டார்ச் அடித்தார், நோட்டை வாங்கிப் படித்தார். அரை மணி நேரம் படித்தார்! படுக்கைவாட்டில் விரிசல் ஓடினால்தான் மண் சுவரைத் தள்ளுகிறது என்று உடனே பயப்பட வேண்டும், இது அப்படியில்லை. 2021 கோடையில் கடும் வறட்சி. மண் சுருங்கிச் சுவரைவிட்டு விலகியது. அந்தச் சந்துக்குள் இந்த வசந்தத்தின் தண்ணீரெல்லாம் இறங்கியிருக்கிறது. வெளியே வந்து காட்டினார். வடக்குப் பக்கக் குழாயின் நீட்டல் குளிர்காலத்தில் எப்போதோ கழன்று, கூரைத் தண்ணீர் முழுக்கச் சுவரடியில் கொட்டிக்கொண்டிருந்தது. பனிக்குள் மூடியிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. நான்தான் முழுக் குற்றவாளி இல்லை என்று தெரிந்ததும் மெதுவாகக் காபி கேட்டேன்.

நீட்டலை மாட்டி, மண்ணைச் சரித்துப் போட்டு, கோடை காய்ந்தால் சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளிச் சொட்டுக் குழாய் போட்டு மண்ணை நனைத்து, ஒரு வருஷம் அளந்து பாருங்கள். அசையாமல் நின்றால் விரிசலுக்குள் மருந்து செலுத்தி அடைத்துவிடலாம் என்றார். இந்த நோட்டு இல்லாவிட்டால் என்னால் இதைத் தைரியமாகச் சொல்லியிருக்க முடியாது என்றும் சொன்னார்.

“இந்தப் பழக்கம் எங்கே கத்துக்கிட்டீங்க அத்தான்?” என்றேன்.

“உங்க வீட்டுலதான். பொண்ணு பாக்க வந்தப்போ கூடத்துல பெரிய காலண்டர் மாட்டியிருந்தீங்க. ஃபேன் காத்துல அது தூக்கிச்சு. பின்னாடி என்ன இருந்துச்சுன்னு பாத்தேன். மாமா முகம் போன போக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.”

எங்கள் வீட்டு நிலைக்கு மேலே இருக்கும் வெடிப்பு. ஒவ்வொரு பொங்கலுக்கும் சிமெண்ட் பூசி வெள்ளையடிப்போம். சித்திரைக்குள் மறுபடி திறக்கும். வருஷா வருஷம் காலண்டர் சைஸ்தான் பெரிதாகிக்கொண்டே வந்தது. பின்கட்டில் ஒரு அறையே விழுந்துவிடும் என்று பூட்டி வைத்திருக்கிறோம். அந்த விஷயத்தை வீட்டில் யாரும் பேசுவதில்லை.

மே மாசம் ஊருக்கு வந்தேன். முதல் காரியமாகக் காலண்டரைக் கழற்றினேன். பத்து சென்ட் எல்லாம் எதற்கு? பழைய தடி அஞ்சு ரூபாய் நாணயமே சுலபமாகப் போயிற்று. போனது திரும்பி வரவில்லை, உள்ளே விழுந்துவிட்டது. வெளியே போய்ப் பார்த்தேன். மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய், வெடிப்புக்கு நேர் கீழே, சுவரோரமாகவே திறந்து கிடந்தது.

“அது உங்க தாத்தா காலத்துலேர்ந்து அங்கதாண்டா ஊத்துது” என்றார் அப்பா.

“தெரியுதுப்பா.”

பிளம்பரைக் கூப்பிட்டேன். ஒரு எல்போ, எட்டடி பைப். வாசல் வேப்பமரத்தடி வரைக்கும் தண்ணீரைக் கொண்டுபோய் விட்டாயிற்று. சுவரில் பென்சிலால் குறுக்கே கோடு போட்டேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். காலண்டரை மறுபடி மாட்டப் போனேன்.

“அதை அப்படியே விடு” என்றார். எழுந்து வந்து என் கையிலிருந்த பென்சிலை வாங்கிக்கொண்டார். “இன்னிக்குத் தேதி என்ன?”