ஒற்றை அறைக் குளிர்காலம்

மார்கழி பிறந்து ஐந்தாறு நாள் ஆனால் எனக்கு ஸ்ரீநகர் நினைப்பு வந்துவிடும். டிசம்பர் 21 அன்று அங்கே ‘சில்லை கலான்’ தொடங்குகிறது. நாற்பது நாள் கடுங்குளிர். அது முடிந்தால் இருபது நாள் ‘சில்லை குர்த்’, பிறகு பத்து நாள் ‘சில்லை பச்சா’ என்று குளிர் படிப்படியாக இறங்கிப்போகும். நாம் இங்கே பாவை பாடி, பொங்கல் வைத்து, தை பாதி கடக்கும்வரை அங்கே அந்த நாற்பது நாள்தான் ஓடிக்கொண்டிருக்கும். தில்லியில் படித்த காலத்தில் ஒரு குளிர்கால விடுமுறையை ஸ்ரீநகரின் பழைய ஊரில், ஜீலம் ஆற்றை ஒட்டிய தோழியின் வீட்டில் கழித்தேன்.

அன்று தில்லி ரயில் பள்ளத்தாக்குக்குள் போகாது. ஜம்முவில் இறங்கி, சுமோ பிடித்து, மலைச்சாலையில் நாள் முழுக்க வளைந்து ஏற வேண்டும். பனியோ மண்சரிவோ வந்தால் சாலையை மூடிவிடுவார்கள். 1956-இல் திறந்த ஜவஹர் சுரங்கத்துக்குள் நுழைந்தபோது இந்தப் பக்கம் பழுப்பு மலை. வெளியே வந்தபோது கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை. இப்போது சூழல் வேறு. 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் போகிறது. ஆற்றிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் செனாப் பாலத்தைக் கடக்கிறது. இனி யாரும் வழியில் மாட்டிக்கொண்டு தவிக்க வேண்டியதில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

தோழியின் வீடு மூன்று மாடி. ஆனால் குளிர்காலத்தில் அந்த வீட்டுக்கு ஒரே அறைதான், அதற்குப் பெயர் ஹமாம். தரை முழுக்கக் கற்பலகை. அடியில் குழி. வெளியிலிருந்து அதற்குள் விறகைத் தள்ளித் தீ மூட்டுவார்கள். சுவரில் பதித்த செப்பு அண்டாவில் வெந்நீர் எப்போதும் இருக்கும். ஒரு முறை நன்றாக எரித்துவிட்டால் கல் மணிக்கணக்கில் சூடாறாது. மேலே பாயும் கம்பளமும் விரித்து, பாட்டி, அம்மா, அப்பா, அண்ணன், தம்பி, விருந்தாளியான நான் எல்லோரும் அதே தரையில்தான். சாப்பாடு அங்கே, படிப்பு அங்கே, சண்டை அங்கே, தூக்கமும் அங்கேயே. மற்ற அறைகளில் கம்பளிகளும் மூட்டைகளும் குடியிருந்தன.

பாட்டிக்குக் காஷ்மீரி தவிர வேறு பேச்சு இல்லை. எனக்கோ இந்தியே தடுமாற்றம். தோழிதான் இடையில். ஒருநாள் பாட்டி, “உங்கள் ஊரில் பனி விழுந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். விழவே விழாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்படியானால் எல்லோரும் எப்போதுதான் ஒன்றாக உட்காருவீர்கள்?” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வெளியே போவதென்றால் ஃபெரன் மாட்டிக்கொள்ள வேண்டும். முழங்காலுக்குக் கீழே தொங்கும் தொளதொள அங்கி அது. உள்ளே, வயிற்றோடு அணைத்தபடி காங்ரி. பிரம்புக் கூடைக்குள் மண்சட்டி, அதில் கனலும் கரி. இலையுதிர் காலத்தில் சினார் மரச் சருகுகளைக் கூட்டி எரித்துக் கரியாக்கிச் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள். சட்டியோடு கட்டித் தொங்கும் சின்னக் கரண்டியால் பாட்டி அவ்வப்போது கனலைக் கிளறிவிடுவார். பல ஆண்டு உடம்போடு ஒட்டியே வைத்திருப்பதால் தோல் கருகும். அதில் புற்றுநோய் வருவதும் உண்டு, மருத்துவ நூல்களில் அதற்குக் காங்ரியின் பெயரே இருக்கிறது. மூடிய அறையில் கரிப்புகை உயிரையும் வாங்கும். இதெல்லாம் தெரிந்தும், அந்தச் சூடு என் உள்ளங்கைக்கு இன்னும் மறக்கவில்லை.

சமையல்கட்டில் என்னை அசத்தியது வற்றல். சுரைக்காய், கத்தரிக்காய், தக்காளி எல்லாவற்றையும் இலையுதிர் காலத்திலேயே நறுக்கி உலர்த்திவிடுகிறார்கள். சாலை மூடிக்கிடந்த காலங்களில் காஷ்மீர் இந்த வற்றலைத்தான் தின்று பிழைத்தது. நம் வீட்டுக் கத்தரி வற்றலுக்கும் அதற்கும் பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை. நாம் வெயில் மிஞ்சிக் கிடக்கிறதே என்று காயவைக்கிறோம். அவர்கள் வெயில் ஓடிவிடுமே என்று காயவைக்கிறார்கள்.

காலையில் நூன் சாய். பச்சைத் தேயிலையைச் சோடா போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டு, உப்பும் பாலும் சேர்த்தால் ரோஜா நிறத்தில் வரும் உப்புத் தேநீர். முதல் மடக்கில் முகம் சுளித்தேன். ஊருக்குக் கிளம்பும்போது தேயிலைப் பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டேன். தொட்டுக்கொள்ள, ‘காந்தூர்’ எனப்படும் தெரு ரொட்டிக்காரரிடமிருந்து சூடாக ‘கிர்தா’ வரும். சில நாள் அண்ணன் இருட்டோடு எழுந்து ‘ஆலி கதல்’ என்ற பகுதிக்குப் போய் ஹரீசா வாங்கி வருவார். ஆட்டுக்கறியையும் அரிசியையும் சோம்பு, ஏலக்காயோடு இரவெல்லாம் வேகவைத்துக் கடைந்து, கொதிக்கும் எண்ணெய் ஊற்றித் தருவது. குளிர்காலத்து விடியலில் மட்டும் கிடைக்கிற பண்டம். கொஞ்சம் தாமதித்தால் தீர்ந்துவிடும்.

எல்லாம் இன்பமாக இருந்ததாகச் சொன்னால் பொய். மின்சாரம் நினைத்தபோது போகும். குழாய்த் தண்ணீர் உறைந்துவிடும்; அப்பா காலையில் வெந்நீர் ஊற்றி இளக்குவார். தகரக் கூரையிலிருந்து பனி மொத்தமாகச் சரிந்து விழும் என்பதால் சுவரோரம் நடக்கவிடமாட்டார்கள். 2024 டிசம்பர் 21 விடியலில் ஸ்ரீநகரில் மைனஸ் 8.5 டிகிரி என்று செய்தியில் படித்தபோது என் விரல் நுனிகள் தானாகவே மடங்கின. அதே 2024-இன் ஜனவரி இதற்கு நேர்மாறு. மாதக் கடைசிவரை, பனிச்சறுக்குக்குப் பேர்போன குல்மார்க்கிலேயே பனி இல்லாமல் சரிவுகள் காய்ந்து கிடந்தன. குளிர் இருந்தும் பனி பொய்க்கிற காலம் வந்துவிட்டது.

பாட்டி இப்போது இல்லை. குடும்பம் பழைய ஊரைவிட்டுப் புறநகரில் வீடு கட்டிக்கொண்டது. அறைக்கு அறை ஹீட்டர், படுக்கைக்குப் படுக்கை மின்கம்பளம். புகை இல்லை, விறகுச் சுமை இல்லை. தோழியின் அம்மா இருமாமல் தூங்குகிறார். இதைக் குறைசொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் போன வாரம் தொலைபேசியில், “வீட்டில் எல்லோரும் என்ன செய்கிறார்கள்?” என்று கேட்டதற்கு, “அவரவர் அறையில் இருக்கிறார்கள்” என்றாள் தோழி. என் வீட்டிலும் அன்று அதே நிலைதான்.

ஏப்ரலில் டியூலிப் பார்க்க ஊரே காஷ்மீர் போகிறது. போகட்டும், அழகுதான். அங்கே உங்களுக்கு நண்பர் யாராவது இருந்தால் மட்டும் விடுதி எடுக்காதீர்கள். ஜனவரியில் ஒரு வாரம் அவர் வீட்டுக்கே போங்கள். ஃபெரன் அவர்களே தருவார்கள். ஹமாம் இன்னும் எரிகிற வீடாக இருந்தால், அந்த அறையைவிட்டு அதிகம் வெளியே வராதீர்கள்.