நீரோடிக் கரையில் மிதிவண்டி

கன்னியாகுமரி முனையில் நின்று கதிரவன் எழுவதையும் மறைவதையும் கண்டு மகிழ்ந்தவர்கள் நம்மில் எண்ணற்றோர். அங்கிருந்து மேற்கே கடலை ஒட்டியே ஒரு சாலை செல்கிறது என்பதையும், பாறையும் மணலும் தென்னந்தோப்பும் மாறிமாறித் துணைவர அது கேரள எல்லைவரை நீள்கிறது என்பதையும் அறிந்தவர்கள் மிகச் சிலரே. பிழைப்பின் பொருட்டுத் திசைகள்தோறும் சென்று வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகள், திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கி, வாடகைக் காரில் ஏறி, நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை என்று கடைப் பலகைகளைப் படித்தவாறே சொந்த ஊர் சேர்ந்துவிடுகிறார்கள். களியக்காவிளையைத் தாண்டியதும் பலகையில் எழுத்து மாறுகிறது. எழுத்து மாறியதால் மனிதரும் மாறிவிட்டனர் என்று அவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அவர்களைக் காரிலிருந்து இறக்கி ஒரு மிதிவண்டியில் ஏற்றிவிட வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம்.

பாறசாலையிலிருந்து கடல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுதான். நெடுஞ்சாலையின் இரைச்சலை விட்டுத் தெற்கே திரும்பிவிட்டால், செம்மண் மேடுகளும் பள்ளங்களுமாக வழி இறங்கி ஏறிச் செல்லும். ஒரு புறம் இரப்பர் மரங்கள், மறு புறம் மரச்சீனியும் வாழையும். பல்சக்கரம் பல வைத்த இக்காலத்து வண்டிக்கு இந்த மேடுகள் பொருட்டல்ல. என் தந்தையாரின் பழைய ராலே வண்டிக்கோ இரண்டு இடங்களில் இறங்கித் தள்ளியே தீர வேண்டும். இவ்வழியில்தான் ஊரம்பு என்னும் சிற்றூர் இருக்கிறது. கேரளமும் தமிழகமும் அவ்வூரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. தேநீர்க் கடையில் நிற்பவர்கள் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார்கள். அதை அவர்களே கவனிப்பதில்லை.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் திருவிதாங்கூரின் தென்பகுதியிலிருந்து தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரையின் தென்பகுதியையும் சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு எழுப்பிய குரல் நிறைவேறவில்லை. அதனால் பாறசாலையில் இருந்த எங்கள் வீடு கேரளத்தில் நின்றது. கொல்லங்கோட்டில் மணம் முடித்துக் கொடுத்த என் அக்காளின் வீடு தமிழகத்துக்குச் சென்றது. தந்தையார் இதைப் பற்றி வருந்திப் பேசி நான் கேட்டதில்லை. ஓணத்துக்கும் பொங்கலுக்கும் ஓர் ஏத்தங்குலையை வண்டியின் கேரியரில் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். அவ்வளவுதான் அவருடைய அரசியல்.

கொல்லங்கோட்டில் பங்குனி மாதத்துத் தூக்கத் திருவிழாவால் புகழ் பெற்ற பத்திரகாளி கோயில் இருக்கிறது. அதைத் தாண்டிச் சென்றால் நீரோடி. தமிழகத்துக் கடற்கரை மேற்கே முடியும் ஊர் அது. அங்கிருந்து கிழக்கு நோக்கி மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று ஊர்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஒன்று எங்கே முடிகிறது, மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்பதைத் தேவாலயக் கோபுரங்களை எண்ணித்தான் அறிய வேண்டும். ஊர்களுக்குப் பின்னால் அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் கிடக்கிறது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் படகு வழியால் இணைக்க வேண்டுமென்று 1860ஆம் ஆண்டில் வெட்டத் தொடங்கி, முற்றுப் பெறாமலே நின்றுபோன கால்வாய் அது. இன்று பல இடங்களில் ஆகாயத்தாமரையே அதன் நீர். ஆயினும் கால்வாய்க்கும் கடலுக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய நிலத்தில், பொழுது புலரும் முன் வண்டியை மிதித்துச் செல்வதற்கு நிகரான இன்பம் எனக்கு வேறில்லை.

இளைஞர்களுக்கு இரண்டொரு செய்தி சொல்லவேண்டும். விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து மெல்ல வீசும். முற்பகல் ஏறிய பின் கடற்காற்று மேற்கிலிருந்து வலுக்கும். ஆகவே நீரோடியிலிருந்து முட்டம் நோக்கிச் செல்பவருக்குக் காற்றே பாதி மிதித்துக் கொடுக்கும். மாலையில் அதே வழியில் திரும்புபவர் தம் முன்னோர் செய்த வினைகளையெல்லாம் நினைத்துக்கொள்ள நேரிடும். சாலையில் மணல் படிந்திருக்கும் இடத்தில் முன்சக்கரத்துப் பிரேக்கைத் தொடலாகாது. வீடு திரும்பியதும் செயினைத் துடைத்து எண்ணெய் இடாவிட்டால் உப்புக்காற்று ஒரு வாரத்தில் அதைத் தின்றுவிடும். ஆனி, ஆடி மாதங்களில் இப்பக்கம் வரவே வேண்டா. தென்மேற்குப் பருவக் கடல் அப்போது சாலையின்மேலேயே ஏறி நடக்கும்.

இவ்வூர்களைப் பற்றி ஒன்றை நான் எல்லாரிடமும் சொல்லுவதுண்டு. 1544ஆம் ஆண்டில் புனித சவேரியார் நடந்து சென்று திருமுழுக்குக் கொடுத்த கரை இது. மாநிலங்கள் பிரிந்து எழுபது ஆண்டுகள் ஆகப்போகின்றன. தூத்தூர்ப் பகுதித் தேவாலயங்கள் இன்றும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தையே சேர்ந்தவை. வரி செலுத்துவது ஓரிடம், வழிபாட்டுக்குத் தலைமை மற்றோரிடம்! இங்குள்ளோர் ஆழ்கடலில் நெடுந்தொலைவு சென்று சுறா பிடிப்பவர்கள். 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கடலில் இருந்தவர்களுள் பலர் திரும்பவில்லை. தூத்தூர்ப் பக்கமும் அழுதது, பொழியூரும் விழிஞமும் அழுதன. அந்தச் சாலையில் வண்டியை மிதிக்கும்போது, வீட்டுச் சுவர்களில் மாலையிட்ட இளைஞர்களின் படங்கள் கண்ணில் படும். அவ்விடங்களில் மணியடிக்க எனக்குக் கை வருவதில்லை.

குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கு அப்பால், இனயம், குறும்பனை, குளச்சல் என்று வழி நீளும். 1741இல் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரரை வென்றதன் நினைவுத்தூண் குளச்சலில் நிற்கிறது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் மாண்டோருக்கும் அங்கே நினைவிடம் உண்டு. மணவாளக்குறிச்சியில் மணலே கருத்துப் பளபளக்கும். 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார் மோனசைட் கனிமத்தைக் கண்டறிந்தது இந்த மணலில்தான். அதன்பின் முட்டம். அங்கே கரை உயர்ந்து, செம்மண் மேடாகி, கீழே யானைக் கூட்டம்போலப் பாறைகள் கிடக்க, அலை அவற்றின்மேல் மோதி வெண்ணிறமாய்ச் சிதறும். 1986இல் வெளிவந்த 'கடலோரக் கவிதைகள்' படத்தின் வழியாக அக்காட்சியைத் தமிழகமே பார்த்தது; ஆகவே நான் விரிக்க வேண்டியதில்லை.

மறுநாள் வடக்கே செல்பவருக்கும் குறைவில்லை. நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாற்றைத் தாண்டிச் சொவ்வரைக்கும் ஆழிமலைக்கும் போனால் முட்டத்தைப் போன்றே உயர்ந்த பாறைக் கரை. ஆழிமலைச் சிவன் கோயிலின் அடியில் அலை இடிக்கும் ஓசை, கோயில் மணியையும் மீறிக் கேட்கும். அதற்கப்பால் ஆய் மன்னரின் துறைமுகமாக விளங்கிய விழிஞத்தில், 2025 மே மாதத்தில் நாட்டுக்கு அளிக்கப்பட்ட புதிய துறைமுகத்தின் பெரும் பாரந்தூக்கிகள் வானை மறைக்கின்றன. அமைதியை நாடி வரும் மிதிவண்டிக்காரர் அங்கிருந்து தெற்கே திரும்பி, பூவாறு வழியாகப் பொழியூர் சேர்வதே நன்று.

பொழியூரிலிருந்து நீரோடிக்கு மூன்று கிலோமீட்டர்கூட இராது. இடையில் இருப்பது தென் கொல்லங்கோடு. அக்காள் வாழும் கொல்லங்கோடு தமிழகத்தில், இந்தக் கொல்லங்கோடு கேரளத்தில். பெயரைக்கூடப் பிரிக்க எவருக்கும் மனம் வரவில்லை. இந்தத் துண்டுச் சாலைதான் எல்லையைக் கடலோரமாகவே கடக்கும் வழி. அந்தச் சாலையைத்தான் கடல் தின்றுகொண்டிருக்கிறது.

மணல் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதன்று. சாய்ந்து வரும் அலை அதனைக் கரையோரமாக நகர்த்திக்கொண்டே இருக்கும். கடலுக்குள் ஒரு கல்வரிசையைக் குறுக்கே நீட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும்; மறுபக்கம் வரவேண்டிய மணல் வாராமல் கரை மெலியும். தூண்டில் வளைவு என்று இதற்குப் பெயர். தமிழகப் பகுதியில் ஊர்களைக் காக்க இவற்றை அமைத்தார்கள். அவர்களைக் குறை சொல்லல் ஆகாது, அவர்களுடைய வீடுகளும் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் அதனால்தான் தங்கள் கரை அரிபடுகிறது என்று தென் கொல்லங்கோட்டு மக்கள் முறையிடுகிறார்கள். 2024 மார்ச் 31 அன்று, காற்றும் மழையும் இல்லாத வேளையில், கள்ளக்கடல் என்று மீனவர் அழைக்கும் பேரலைகள் பொழியூர்க் கரையிலும் ஏறின. கல் போடுவதற்கு இரண்டு அரசுகள், இரண்டு திட்டங்கள், இரண்டு வரைபடங்கள். ஒவ்வொரு வரைபடமும் எல்லைக் கோட்டோடு முடிந்துவிடுகிறது. மணல் அந்தக் கோட்டை அறியாது. இரண்டு பொறியியல் துறையினரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே வரைபடத்தை விரிக்காதவரை, ஒருவர் போடும் கல் மற்றவர் வீட்டு வாசலைப் பறிக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சென்ற ஆண்டு நான் அவ்வழியே போனபோது தார் உடைந்து தொங்கியது. அதன் கீழே அலை. சுவர் ஒன்று மட்டும் எஞ்சிய வீட்டின் நிழலில் மீன் உலர்த்திக் கொண்டிருந்த மூதாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க போணும் மக்களே?"

"கொல்லங்கோட்டுக்கு, அம்மா. அக்கா வீட்டுக்கு."

"ரோடு இல்ல மக்களே. சைக்கிளத் தோள்ல தூக்கு, கல்லு மேல பாத்துக் கால் வை. இல்லேண்ணா உச்சக்கடை போய்ச் சுத்திப் போ."

வீடு எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. கை நீட்டிக் கடலைக் காட்டியவர் அவரே.

வருகிற தை மாதத்தில் அக்காளின் பேரன் வெளிநாட்டிலிருந்து வருகிறான். கார் வேண்டா என்று எழுதியிருக்கிறேன். தந்தையாரின் வண்டிக்குப் புதிய டயர் மாட்டி, செயினுக்கு எண்ணெய் இட்டு வைத்தாயிற்று. தையில் கடல் தணிந்திருக்கும். பொழியூரில் வெளிச்சம் வரும் முன் புறப்பட்டால், சாலை உள்ள மட்டும் மிதித்து, இல்லாத இடத்தில் ஆளுக்கொரு வண்டியாகத் தோளில் ஏற்றி, காலை உணவுக்கு அக்காள் வீடு சேர்ந்துவிடலாம்.