மேகத்தின் அடிவயிறு

2025 மே மாதம் மத்திய அரசு ஒரு புதிய வானிலைக் கணிப்பு முறையைத் தொடங்கிவைத்தது. புனேயில் உருவானது. அதுவரை பூமியை 12 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போட்ட கணினி, இனி 6 கிலோமீட்டர் கட்டங்களாகப் போடும் என்றது செய்தி. அதைப் படித்த நண்பர், “எங்க ஊர்ல மேகத்தை இன்னமும் கண்ணால பார்த்து எழுதுற ஒருத்தர் இருக்கார், வந்து பாருங்க” என்று அழைத்தார். ஐப்பசியில் போனேன். காவிரிப் படுகையின் கடலோர ஊர். ஊர், பேர் எதையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் அந்த அப்சர்வர்.

கம்பிவேலி போட்ட ஒரு புல்தரை. நடுவில் வெள்ளையடித்த மரப்பெட்டி; காற்று புகுந்து வர நாலு பக்கமும் சாய்சட்டம். கதவைத் திறந்தால் வெயில் உள்ளே விழக்கூடாது என்பதால் அது வடக்குப் பார்த்து இருக்கிறது. உள்ளே வெப்பமானிகள். மழைமானி, காற்றுமானி எல்லாவற்றையும் காட்டினார். எனக்கு மேகம்தான் வேண்டியிருந்தது.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்வை. மதியம் இரண்டரைக்கான பார்வைக்குச் சற்று முன்பே வெளியே வந்து, வேலியின் நடுவில் நின்று ஒரு முழுச்சுற்று சுற்றினார். வானத்தை எட்டுப் பங்காக வைத்து, எத்தனை பங்கு மேகம் என்று சொல்ல வேண்டும். கேட்க எளிது. ஆனால் கைக்குட்டை அளவு மேகம் இருந்தாலும் பூஜ்யம் போடக்கூடாது, ஒன்று. கைக்குட்டை அளவு நீலம் தெரிந்தாலும் எட்டு போடக்கூடாது, ஏழு. மூடுபனியில் வானமே தெரியாவிட்டால் ஒன்பது. நான் “அஞ்சு” என்றேன். “மூணு” என்றார். “அடிவானத்துல மேகத்தோட பக்கவாட்டைப் பார்க்கிறீங்க தம்பி. இடைவெளி மறைஞ்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டின மாதிரி தெரியும். உச்சிக்கு நேரா பாருங்க.”

உயரத்துக்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். காற்றின் வெப்பநிலையிலிருந்து பனிநிலையை, அதாவது காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலையைக் கழித்து, ஒரு டிகிரிக்கு 125 மீட்டர் என்று பெருக்கினால் திரள்மேகத்தின் அடிப்பரப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கிட்டத்தட்ட வந்துவிடும். அன்றைக்கு 32, 24. ஆயிரம் மீட்டர். முன்பு வேறொரு நிலையத்தில் ஹைட்ரஜன் பலூன் விட்டு, தியோடலைட் கருவியில் கண்ணை ஒட்டவைத்துப் பின்தொடர்ந்தாராம். நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் ஏறும் என்று தெரியும். எந்த நிமிடத்தில் மேகத்துக்குள் மறைகிறதோ, அதுதான் உயரம். இரவில் பலூனின் வாலில் மெழுகுவத்தி விளக்கு கட்டிவிடுவார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனிதர் நிறுத்துவதாக இல்லை.

பார்த்ததையெல்லாம் ஐந்தைந்து எண்களாகக் கோத்து அனுப்பும் சங்கேத முறையையும் விளக்கினார். எனக்குத் தலை சுற்றியது. அதில் மேகத்தின் வகையைச் சொல்லும் ஒரு எண் மட்டும் மனதில் நின்றுவிட்டது. மேற்கே ஒரு மேகம் பொங்கிக்கொண்டிருந்தது. தலை காலிபிளவர் பூ மாதிரி, ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாக, விளிம்பு கூர்மையாக. “இதுக்கு ரெண்டு” என்றார். பேசிக்கொண்டே இருந்தோம். திடீரென்று என் தோளைத் தொட்டார். உச்சியில் ஒரு பக்கம் விளிம்பு மழுங்கி, எச்சில் தொட்டு அழித்ததுபோல் கலங்கியிருந்தது. “உள்ள நீர்த்துளி ஐஸ் ஆவுது. இப்ப மூணு. இனிமே இது சிபி.” இடிமேகத்தை அப்படித்தான் சொல்கிறார்கள். இன்னும் சற்று நேரத்தில் அதன் தலை நாராகப் பிரிந்து பட்டறைக்கல் வடிவில் பரவியது. அதற்கு ஒன்பது.

இதெல்லாம் செயற்கைக்கோளில் தெரியாதா என்று கேட்டேன். இன்சாட் வரிசைக் கோள்கள் அரை மணிக்கு ஒரு படம் தருகின்றன. புயலென்றால் அதை நம்பாமல் முடியாது என்று அவரே சொன்னார். ஆனால் அகச்சிவப்புப் படம் காட்டுவது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை. மேலே கனத்த கீற்றுமேகம் பாய் விரித்துவிட்டால் கீழே இருப்பது மறைந்துபோகும். காரைக்கால் ரேடார் பார்ப்பது மழைத்துளியை. தூரம் போகப்போகக் கதிர் உயர்ந்து, மேகத்தின் கீழ்ப்பகுதியை விட்டுவிடும். தானியங்கி நிலையங்களில் பெரும்பாலானவை வெப்பம், ஈரம், காற்று, மழை எல்லாம் அளக்கும், அண்ணாந்து பார்க்காது. 6 கிலோமீட்டர் கட்டத்துக்குள் ஒரு சின்ன இடிமேகம் முளைத்து, பெய்து, கலைந்தே போய்விடும். கணினி அதை உத்தேசமாகத்தான் வைத்துக்கொள்கிறது.

இப்படி ராத்திரி இரண்டரைக்கும் எழுந்து, இருட்டில் கண் பழகும்வரை காத்திருந்து, எந்தப் பக்கம் நட்சத்திரம் காணவில்லை என்று பார்த்து எழுதுகிறவரின் எண்கள் உலக வானிலை வலைப்பின்னலில் எல்லா நாட்டுக்கும் இலவசமாகப் போகின்றன. போகட்டும், அதுதான் முறை. ஆனால் அந்த எண்களும் சேர்ந்து உருவாகும் இலவச வரைபடத்தை எடுத்து, மேலே சிவப்பு எழுத்தில் ‘பேய்மழை வருது, உஷார்’ என்று ஒட்டி, விளம்பரக் காசு பார்க்கிறானே ஒருவன், அவனுக்கு இந்தப் புல்தரை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியுமா? பொறுப்போடு எழுதும் தன்னார்வலர்களும் தமிழ்நாட்டில் உண்டு, அவர்களைச் சொல்லவில்லை. களத்தில் நெல்லைக் காயப்போட்டவன் இந்தக் கூச்சலை நம்பி அவசரமாக அள்ளிக் கட்டுகிறான். ஈரநெல்லை வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறான். மழை வராது. மூன்று முறை ஏமாந்தவன் நாலாவது முறை நிஜமான எச்சரிக்கையையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கூச்சல் போட்டவனுக்கு நாலு முறையும் காசு.

இவருக்குப் பிறகு யார் என்று கேட்டேன். தற்காலிகமாக ஒரு பையன் வருகிறானாம்.

“நல்லா பார்க்கிறான். வெள்ளையா மெல்லிசா இருந்தா எல்லாத்தையும் சிரஸ்னு எழுதிடுறான். சூரியனைச் சுத்தி வட்டம் கட்டுச்சுன்னா அது சிரோஸ்ட்ராட்டஸ்னு சொல்லிக் குடுத்திருக்கேன். வேலை நிரந்தரமாகுமா சார்னு கேக்குறான். அதை மேலதான் கேக்கணும்னு சொல்லிட்டேன்.”