இன்னும் பத்து நிமிடம்



முகூர்த்த நாட்களில் நம் காஞ்சிபுரம் காந்தி சாலையில் பட்டுப்புடவை வாங்கச் செல்லும்போது, கடை வாசலில் கரடி பொம்மை வேடமணிந்து கையசைத்து நிற்கும் ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் பிள்ளை அதன் கையைப் பிடித்துக்கொண்டு புகைப்படமும் எடுத்திருக்கும். அந்தக் கரடிக்குள் இருப்பவரின் முகத்தை நீங்கள் பார்த்ததுண்டா? அப்படிப்பட்ட ஒருவரின் முகத்தை நான் பார்த்தேன். அதைப் பார்க்க நேர்ந்த விதத்தை உங்களிடம் அறிக்கையிடவே இந்த வாரம் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மே மாதத்தில் ஒரு நாள். விடுமுறை வேதாகமப் பள்ளியின் நிறைவு விழா. சிங்கக் கெபியில் தானியேல் என்பது பிள்ளைகளுக்கான பாடம். ஊர்வலத்தில் ஒரு சிங்கம் வந்தால் பிள்ளைகள் மகிழ்வார்கள் என்று யோசனை சொன்னவன் நான்தான். கடை வாசலில் வேடமிட்டு நிற்கும் ஓர் இளைஞரை நாள் கூலிக்கு அழைத்து வந்தோம். அவர் ஒரு நெசவாளியின் மகன். குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டபடி அமர்ந்து, முதுகு வளைந்துபோன தகப்பனைப் பார்த்து வளர்ந்தவர். தறி வேண்டாம் என்று வெளியே வந்தவருக்குக் கிடைத்த வேலை இது.

காலை 10 மணிக்கு அவர் வேடத்தை அணிந்தார். ஊர்வலம் முடிந்தும் பிள்ளைகள் அவரை விடவில்லை. சிலர் வாலைப் பிடித்து இழுத்தார்கள். சிலர் விளையாட்டாக வயிற்றில் குத்தினார்கள். 11.30 மணியளவில் அவர் என்னிடம் வந்து, சிங்கத்தின் வாய் வழியாக, "ஐயா, தலையைக் கொஞ்சம் கழற்றிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். "பிள்ளைகள் பார்த்தால் ஏமாந்துபோவார்கள், தம்பி. இன்னும் பத்து நிமிடம்" என்றேன். சிங்கம் சிரித்த முகத்தோடு தலையசைத்துவிட்டுத் திரும்பிச் சென்றது.

அந்தப் பத்து நிமிடம் முடியுமுன்னே, ஆலயத்தின் பின்சுவரைப் பிடித்தபடி அவர் சரிந்து விழுந்தார். தலையைக் கழற்றியபோது உள்ளிருந்து அனல் வீசியது. முகம் சிவந்திருந்தது, கண்கள் செருகியிருந்தன, கழுத்தெல்லாம் வியர்க்குரு. நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் துடைத்து, விசிறியபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கர்த்தருடைய கிருபையால் பிழைத்துக்கொண்டார். சிங்கங்களின் வாயினின்று தானியேலைத் தேவன் காத்ததை நாம் போதித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், நாம் அமர்த்திய சிங்கத்திற்குள் ஒரு மனிதர் தவித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பிறகுதான் மருத்துவரிடம் கேட்டு அறிந்துகொண்டேன். நம் உடலின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். வெயிலில் அது கூடாதபடி வியர்வையைத் தேவன் ஏற்படுத்தியிருக்கிறார். ஆனால் வியர்வை வழிந்தால் மட்டும் போதாது; அது காற்றில் உலர வேண்டும். உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. பஞ்சும் ரோமத்துணியுமாக மூடிய வேடத்திற்குள் காற்று அசைவதில்லை. வியர்வை ஊற்றிக்கொண்டே இருக்கும், குளிர்ச்சியோ வராது. இருதயம் வேகமாக அடித்து, இரத்தத்தைத் தோலுக்குத் தள்ளிக் களைத்துப்போகும். உடலின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் அறிவு தடுமாறும், உயிருக்கே ஆபத்தாகும். பொம்மைத் தலையின் பாரம் கழுத்தை அழுத்தும். வாயிலுள்ள வலைத்துணி வழியே மட்டும் பார்ப்பதால் கால் இடறும்.

வேடமிடுவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் இருப்பதை அறிவீர்கள். மரக்கட்டையாலான கிரீடமும் தோள் அணிகளும் பூண்டு, விடிய விடிய ஆடும் கலை அது. அதுவும் உடலை வருத்துவதுதான். ஆனால் அவர்கள் ஆடுவது இரவில். முகத்தில் இருப்பது அரிதாரமே. களைப்பு வந்தால் உடனிருப்போர் கண்டுகொள்ள முடியும். பொம்மை வேடத்திலோ சிரிப்பு தைத்து வைக்கப்பட்டது. உள்ளே மயங்குகிறவரின் முகத்தை நமக்கு மறைப்பது அந்தச் சிரிப்புதான்.

கடை ஊழியர்களுக்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு நம் சட்டமன்றம் சட்டத் திருத்தம் நிறைவேற்றியது. நல்ல சட்டம். ஆனால் வாசலில் வாலோடு நிற்கிறவர் எங்கே அமர்வார்? 2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்தப் பேரிடரின் நடுவே, பொம்மைக்குத் தாகம் எடுக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

1 சாமுவேல் 17-ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். சவுல் தன் கவசத்தையும் தலைச்சீராவையும் தாவீதுக்கு அணிவிக்கிறான். இவற்றோடு தன்னால் நடக்கக்கூடாது என்று சொல்லி, தாவீது அவற்றைக் களைந்துவிடுகிறான். தாவீதின் துணிவைப் பற்றி நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். சவுலைப் பற்றி ஒன்றைக் கவனித்ததே இல்லை. பிற்காலத்தில் எவ்வளவோ தவறிப்போன அந்த ராஜாகூட, அன்றைக்கு, "இன்னும் பத்து நிமிடம்" என்று சொன்னதாக வேதத்தில் இல்லை. அதைச் சொன்னவன் உங்கள் போதகனாகிய நான்.

சிறியவர் ஒருவருக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுப்பவனும் தன் பலனை இழப்பதில்லை என்று ஆண்டவர் வாக்களித்தார். ஆனால் பொம்மைத் தலையோடு நிற்பவரிடம் தண்ணீரை நீட்டிப் பாருங்கள்; அவரால் குடிக்க முடியாது. முதலில் அந்தத் தலையைக் கழற்ற அவருக்கு அனுமதி வேண்டும். அதை அவர் கேட்டால் கூலி போகலாம். புடவைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் நீங்கள் கேட்டால், முதலாளி செவிகொடுப்பார். "வாசலில் நிற்கும் தம்பிக்குச் சற்று ஓய்வு கொடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளைகளிடம், உள்ளே ஒரு அண்ணன் இருக்கிறார், அடிக்கக் கூடாது என்று கற்றுக்கொடுங்கள். அவர் தள்ளாடினால், தாமதியாமல் தலையைக் கழற்றி, நிழலுக்குக் கொண்டுபோய், உடலை நனைத்து விசிறுங்கள், 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

நமது விடுமுறை வேதாகமப் பள்ளியில் அதன்பின் சிங்க வேடம் இல்லை. தானியேலின் கதையைப் பிள்ளைகள் அட்டை முகமூடியோடு நடிக்கிறார்கள். வேண்டியபோது கழற்றிக்கொள்கிறார்கள்.

அந்த இளைஞரிடம் மருத்துவமனையிலேயே மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஐயா, நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லையே" என்றார். அவர் என்னை ஆறுதல்படுத்தவே சொன்னார். அந்த வார்த்தை இன்னமும் என்னைக் குத்துகிறது.

ஜெபம்: முகத்தையல்ல, இருதயத்தைப் பார்க்கிற கர்த்தாவே, சிரிப்புக்குப் பின்னால் தவிக்கிறவர்களைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஒருவர் இளைப்பாறக் கேட்கும்போது உடனே இணங்கும் இருதயத்தைத் தாரும். ஆமென்.